அப்பாவுக்கு விசா, பிள்ளைக்குப் பொன்னேரி

பழவேற்காட்டிலிருந்து சிக்கலில்லாமல் வெளிநாடு போகத் தெரிந்த ஒரே ஜீவன் நண்டு. ஏரிச் சேற்றில் பிடிபடும் பச்சை நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டி உயிரோடு சென்னைக்கு அனுப்பினால், அங்கே விமானம் ஏறிச் சிங்கப்பூர் போய்விடுகிறது. ஏஜெண்ட் கமிஷன் இல்லை, நகை அடகு இல்லை, மெடிக்கல் டெஸ்ட் இல்லை. அதைப் பிடித்தவரோ பொன்னேரி ரயில் நிலையத்தைத் தாண்டுவதே கல்யாணத்துக்கும் காரியத்துக்கும்தான். போன இடத்தில் நண்டின் எதிர்காலம் மிளகாய்ச் சாற்றில் முடிகிறது என்பது வேறு விஷயம். வெளிநாடு போனவரைப் பற்றி ஊரில் யாரும் குறை பேசுவதில்லை.

மனிதர் கதைக்கு, கோட்டைக்குப்பம் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். மகள் பன்னிரண்டாவது, மகன் எட்டாவது. ஏரியில் இறால் பாடு முன்போல் இல்லை. முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடிக்கொள்கிறது. தெற்கே பார்த்தால் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எண்ணூர்த் துறைமுகமும் அனல்மின் நிலையமும் வரிசை கட்டி நிற்கின்றன. இந்த நேரம் பார்த்து மைத்துனர் துபாயிலிருந்து லீவில் வருகிறார். கையில் தட்டு அளவு கடிகாரம்.

"இங்க இன்னா கீது மாமா? பசங்க எதிர்காலத்த நெனச்சுப் பாரு!"

பசங்க எதிர்காலம் என்று சொன்ன பிறகு எந்தத் தகப்பன் எதிர்த்துப் பேசுவான்?

மைத்துனர் தனி ஆள் இல்லை. 2015இல் நடந்த தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் வாழும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம். முதலிடம் சிங்கப்பூருக்கு, 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அடுத்தது ஐக்கிய அரபு அமீரகம், ஒரு மயிரிழை பின்னால். இந்த 22 லட்சம் பேரில் எத்தனையோ பேர் விமானம் ஏறும்போது சொன்ன காரணம் ஒன்றுதான்: பிள்ளைகளுக்காக. ஆனால் விமானத்தில் பிள்ளைகள் இல்லை.

இது பாசக் குறைவு அல்ல, சட்டம். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் வேலை செய்பவர் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அதற்கு மேற்பட்ட பாஸ் இருந்து, மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலரைத் தொட்டால்தான் மனைவி மக்களுக்கு அனுமதி. அமீரகத்தில் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். வளைகுடாவில் விசைப்படகில் ஏறும் மீனவரின் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கேயும் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பிடித்த மீனில் பங்குதான். பங்கு வாங்குவதற்குப் பாரசீக வளைகுடா வரைக்கும் போவானேன், அது பழவேற்காட்டிலேயே கிடைக்குமே என்று கேட்டால் மைத்துனர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஆக, அப்பா போகிறார், பிள்ளை ஆயாவிடம் வளர்கிறது. எதிர்காலம் மாதாமாதம் வங்கிக் கணக்கில் வந்து, பொன்னேரியில் ஏதோ ஒரு பள்ளியின் கட்டணமாக மாறுகிறது. வீட்டுக்கு மாடி எழும்புகிறது. பரீட்சையில் கணக்கு ஊற்றிக்கொண்டால் அப்பா வாட்ஸ்அப்பில் திட்டுகிறார். பையன் "சிக்னல் கட்டாவுதுப்பா" என்று சொல்லிவிட்டுப் பந்து விளையாடப் போகிறான்.

சில சமயம் அப்பாவே கட்டாகிவிடுவதும் உண்டு. 2020 கொரோனாக் காலத்தில் ஈரான் துறைமுகங்களில் தமிழ்நாட்டு மீனவர்கள் நூற்றுக்கணக்கில் மாதக்கணக்காகப் படகிலேயே சிக்கிக் கிடந்தார்கள். கடைசியில் கடற்படையின் ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் போய் 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்து சேர்ந்தது. மீன் பிடிக்கப் போனவர்களைப் பிடித்துவரப் போர்க்கப்பல் போக வேண்டியிருந்தது.

அப்படியானால் வெளிநாடு என்பதே வெறும் ஏமாற்றா? அதுவும் இல்லை. பிள்ளையும் கூடப் போனால் என்ன ஆகிறது என்று பார்க்கத் தெற்குப் பசிபிக் கடல்வரை போக வேண்டும். டோங்கா என்ற குட்டித் தீவு நாட்டிலிருந்து ஆண்டுக்கு 250 பேரைக் குலுக்கல் முறையில் நியூசிலாந்து 2002 முதல் குடியேற அனுமதித்தது. சீட்டு விழுந்தவர் மனைவி, பிள்ளைகளோடு போகலாம்.

பொருளாதார அறிஞர்களுக்கு இது பெருநாள். சாதாரணமாக, போனவன் பிள்ளை ஓகோ என்று இருக்கிறான், போகாதவன் பிள்ளை இப்படி இருக்கிறான் என்று ஒப்பிட்டால் கணக்கு தப்பும். போகத் துணிகிறவன் இருந்த இடத்திலும் நாலு காசு பார்த்திருப்பான். குலுக்கலில் அந்த வம்பு இல்லை. கெட்டிக்காரனுக்கும் மந்தனுக்கும் ஒரே சீட்டு. மெக்கென்சி, கிப்சன், ஸ்டில்மன் என்ற மூவர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். சீட்டு விழுந்து போனவர்களின் வருமானம் ஓராண்டுக்குள் 263 விழுக்காடு கூடியிருந்தது. கைக்குழந்தைகள் உயரமாக வளர்ந்தார்கள், வளர்ச்சி குன்றுவது குறைந்தது. அதோடு 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குத் தொப்பையும் விழுந்தது! ஊரில் தங்கிய மற்ற உறவினரின் வருமானமோ இறங்கியது. சம்பாதிக்கும் கை போனதை, அனுப்பிய பணம் ஈடுகட்டவில்லை.

அமெரிக்காவில் அப்ரமிட்ஸ்கி, பூஸ்டன் என்ற இருவர் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பதிவேடுகளைப் புரட்டியபோதும் இதே திசைதான் தெரிந்தது. ஏழையாகக் குடியேறியவரின் பிள்ளைகள், அதே வருமானமுள்ள உள்ளூர்க்காரரின் பிள்ளைகளைவிட மேலே ஏறுகிறார்கள். அப்பா தட்டு கழுவினாலும் பிள்ளை அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறது என்பதுதான் விஷயம்.

குலுக்கல் என்றால் பழவேற்காட்டுக்காரர் சிரிப்பார். ஏரியில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். எல்லோருக்கும் வலை நனையும், யாருக்கும் தலைக்கனம் ஏறாது. ஆனால் சீட்டில் பெயர் சேர்வதற்கு அந்தக் குப்பத்தில் மீனவச் சாதியான பட்டினவர் வீட்டு ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். இதோடு ஒப்பிட்டால் நியூசிலாந்தில் குடியேறுவது சுலபம். ஏரியையே நம்பி வாழும் இருளர் பழங்குடியினருக்கு அந்தச் சீட்டு இல்லை. பட்டினவர் வீட்டு மகளுக்கும் இல்லை.

பிள்ளைகளுக்காகக் குடிபெயர்வதை இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்தது உண்மையில் இறால். தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, தின்று கொழுத்து, பருவத்தில் கடலுக்குத் திரும்பும். மணல் மூடினால் அந்த ஆண்டு அட்மிஷன் இல்லை.

வெள்ளைக்காரரும் வந்தார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரையில் தங்கள் வணிகத்தை இங்கிருந்தே நடத்தினார்கள். அவர்களில் பலரின் எதிர்காலம் வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய இங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தோடு நின்றுவிட்டது. அதே நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் இந்தக் கரையில் ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். பஞ்சத்தில் பெற்றோரே பிள்ளைகளை விற்றார்கள். அந்தப் பயணத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இன்றைக்கு வடக்கே பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். ராக்கெட் விடும் நாளில் மீனவர் கடலுக்குப் போகக் கூடாது. 2023 ஜூலை 14 அன்று நிலவுக்குக் கிளம்பிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். ரயில்வே பள்ளி, பாலிடெக்னிக் டிப்ளமா, பிறகு பொறியியல் என்று படிப்படியாக ஏறியவர். குடும்பம் கடல் தாண்டாமலே பிள்ளை நிலவுக்கு வண்டி விட்டது. அதற்காக இங்கே ஒருநாள் கூலி போனதைத்தான் மைத்துனர் பெரிதாகப் பேசினார்.

வீட்டில் பஞ்சாயத்து இரவு வரை நீண்டது. அப்பா பத்தாவது தேறாதவர். வளைகுடா வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தனியாக வாங்க வேண்டும். பத்தாவது தேறிய மகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் படகு ஏஜெண்டுக்குப் பெண் வேண்டாம். அவளோ பொன்னேரி எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறாள்.

"படிச்சிட்டு? மீன் புடிக்கப் போறியா?" என்றார் மைத்துனர்.

"நீ பத்து வருசமா அதத்தான மாமா செய்யற?"

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அது கெடக்கட்டும் தம்பி. ஒம் பையன் துபாய்ல எந்த ஸ்கூலு?"

மைத்துனர் கடிகாரத்தைக் கழற்றித் துடைத்தார். "பொன்னேரிலதான்க்கா, ஹாஸ்டல்ல. பேமிலி விசாவுக்குச் சம்பளம் பத்தல." பிறகு மருமகள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஏம் பாப்பா, அந்தக் காலேஜ்ல அவனுக்கும் ஒரு சீட்டு கெடைக்குமான்னு விசாரிச்சு வையேன்."