பேர் ரெடி, பூ பாக்கி

ஆர்க்கிட் வளர்க்கிறவர் வீட்டுக்குப் போனால் பூவைக் காட்டுவார். ஆர்க்கிட்டில் புது ரகம் உண்டாக்குகிறேன் என்று இறங்கிவிட்ட மாமா, பாட்டிலைக் காட்டுவார். உள்ளே பாசி மாதிரி ஏதோ பச்சையாக இருக்கும். “இதுக்கு யார் பேர் தெரியுமா?” என்பார். உங்கள் பேர்தான்.

மொட்டைமாடியில் நிழல்வலைக்குக் கீழே, கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்ட தொட்டிகளுக்கு நடுவே, சட்டைப்பையில் பல்குத்தும் குச்சியோடு நிற்பாரே, அவர்தான். ஒரு பூவின் மகரந்த உருண்டையை அந்தக் குச்சியால் எடுத்து இன்னொரு பூவில் ஒட்டுவார். ஒட்டிய கையோடு பேர் வைத்துவிடுவார்.

கணக்கைப் பாருங்கள். காய் முற்றவே மாதக்கணக்கில் ஆகும். உள்ளே இருக்கும் விதை பவுடர் மாதிரி. லட்சக்கணக்கில் இருந்தும் ஒன்றிலாவது முளைக்கக் கட்டுச்சோறு கிடையாது. காட்டில் பூஞ்சை ஊட்டிவிடும். வீட்டில், லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர் 1922இல் காட்டிய வழியில், சர்க்கரை கலந்த அகர் கூழைப் பாட்டிலில் ஊற்றி அதில் தூவ வேண்டும். அப்புறம் தொட்டிக்கு மாற்றி, பூவைப் பார்க்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உலகத்து ஆர்க்கிட் கலப்புகளுக்கெல்லாம் பேர் பதிவது லண்டனில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கம். அவர்களோ, பூத்த பிறகு வா என்கிறார்கள். பெண்ணே பார்க்காத பையனுக்குப் பேரன் பேரை முடிவு செய்கிற அவசரம் மாமாவுக்கு.

அவசரம் என்றா சொன்னேன்? பிழைப்பு. ஊருக்குப் போகும்போது சாவியை நீட்டி, “பத்து நாள் தண்ணி தெளிச்சிடுங்க சார், அடுத்த டென்ட்ரோபியம் உங்க பேர்லதான்” என்பார். பல் டாக்டர் ஃபீஸ் குறைத்தார், அவருக்கு ஒன்று. மாடித் தண்ணீர் கசிந்து கூரை ஊறிவிட்டது என்று சண்டைக்கு வந்த கீழ்வீட்டுக்காரருக்கு வாண்டாவையே எழுதி வைத்தார். மனிதர் புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டார். மச்சினி பேரில் ஒன்று இருந்தது. பேத்தி காதுகுத்துக்கு அவள் வராததால் அதை ரத்து செய்துவிட்டார். பேர் இருந்ததும் அவளுக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

கேட்டால் சிங்கப்பூர் கதை. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற அம்மாள் வளர்த்த வாண்டா, 1893இல் அவர் பேரையே பெற்று, 1981இல் அந்த நாட்டின் தேசிய மலரும் ஆனது. “வீட்டுத் தோட்டம் சார், வெறும் வீட்டுத் தோட்டம்!” என்று மாமா கண் கலங்குவார். அந்தச் செடி பூத்த பிறகுதான் தாவரவியலாளர் ரிட்லி அதற்குப் பேர் வைத்தார் என்ற பகுதி மட்டும் அவர் வாயில் வராது.

ஒருவழியாகப் போன வருஷம் ஒன்று பூத்தது. கல்யாண மேடையில் குத்துகிறார்களே, அந்த சோனியா ஊதாவில் கொஞ்சம் வெளுத்த நிறம். தேடிப் பார்த்தால், அதே இரண்டு செடிகளையும் சேர்த்து யாரோ எப்போதோ பதிந்துவிட்டிருக்கிறார்கள். ஒரே ஜோடிக்குப் பிறந்ததெல்லாம், யார் வீட்டு மாடியில் பிறந்தாலும், முதலில் பதிந்த பேரைத்தான் சுமக்க வேண்டும் என்பது விதி. டாக்டர், கீழ்வீட்டுக்காரர், நான், எல்லோர் பேரும் போயிற்று. மாமா அசரவில்லை. விடிவதற்கு முன்னால் கதவைத் தட்டி எங்களை மாடிக்கு இழுத்துப்போய், டார்ச் அடித்துக் காட்டினார். பேரைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பூ அழகாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஆனால் தண்ணீர் விஷயத்தை என்னால் மன்னிக்க முடியாது. ஆர்க்கிட்டுக்கு உப்புத் தண்ணீர் ஆகாதாம். அதனால் அதுகளுக்குக் கேன் தண்ணீர், பார்க்கப் போன நமக்கு போர் தண்ணீரில் காபி. அவர் ஊரில் இல்லாத நாட்களில் கேன் வாங்குவதும் நம் செலவுதான். உங்களிடமும் சாவியை நீட்டுவார். பேர் வேண்டாம், கேன் காசை முதலில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.