125 கிராம் மாமா

நம் பெண் அமெரிக்காவிலிருந்து எப்போது வருகிறாள் என்பது நமக்கு முன்னால் இவருக்குத் தெரிந்திருக்கும். மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டே, "ஜூன் பதினாலு, துபாய் வழியா வராளாமே?" என்பார். நாம் திருதிருவென்று விழிப்போம். பெண் டிக்கெட் எடுத்ததை அம்மாவிடம் சொல்லி, அம்மா அதை ஆஸ்திக சமாஜத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியிடம் சொல்லி, சேதி காய்கறிக் கடை வரை வந்து சேர்ந்தாயிற்று. பெற்ற தகப்பன் காதுக்குத்தான் இன்னும் வரவில்லை. நாம் சுதாரிப்பதற்குள் அடுத்த வாக்கியம் விழும். "ரெண்டே ரெண்டு டப்பா சார். வெயிட்டே இருக்காது."

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து செம்பூர் செட்டா நகர் வரை எந்தத் தமிழ் சொசைட்டியைத் தட்டினாலும் ஒரு பைப் மாமா உதிர்வார். பெரிய கம்பெனி ஒன்றில் பர்சேஸ் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். கம்பெனி செலவில் லண்டன் போனபோது பைப் பிடிக்கப் பழகியவர். இப்போது வீட்டுக்குள் பிடிக்க மாமி விடமாட்டாள்; மாடிப்படியில் பிடிக்கச் சொசைட்டி விடாது; டாக்டர் எங்கேயுமே விடமாட்டார். ஆகவே காலி பைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார். புகை போய்விட்டது, வாங்குகிற பழக்கம் மட்டும் பாக்கி. அதிலும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற சரக்கென்றால் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். தயாரிப்பு நின்றுபோயிருக்க வேண்டும். நின்றுபோனது, 'கொஞ்சமே கொஞ்சம், ஒரே ஒரு தடவை' என்ற அறிவிப்போடு இணையத்தில் திரும்ப வர வேண்டும். வந்த சில நிமிஷத்தில் தீர்ந்தும் போக வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால்தான் அவருக்கு ஜாதகம் சேரும்.

2018 என்று யாராவது சொன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். அந்த வருஷம்தான் டன்ஹில் பைப் புகையிலை நின்றது. 1907-இல் ஆல்பிரட் டன்ஹில் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்து, வாடிக்கையாளருக்குத் தகுந்தபடி தனித்தனியாகக் கலவை கலந்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு நோட்டில் எழுதி வைத்தாராம். 965 என்ற புகழ்பெற்ற கலவை அந்த நோட்டிலிருந்து வந்த நம்பர். அதே 2018-இல் அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியின் மெக்லெலண்ட் கம்பெனியும் மூடிக்கொண்டது. தரமான சிவப்பு வர்ஜீனியா இலை முன்போலக் கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். டன்ஹில் கலவைகளைப் பிறகு பீட்டர்சன் கம்பெனி தன் பெயரில் மறுபடி விட ஆரம்பித்ததே, அப்புறம் என்ன துக்கம் என்று கேட்டுவிடாதீர்கள். "லேபிள் வேற சார்" என்று ஆரம்பித்தால், நீங்கள் வாங்கிய கொத்தமல்லி கையிலேயே வாடிவிடும்.

திருச்சிப் பக்கத்துக்காரர் இவர். உறையூரில் உருட்டிய சுருட்டு ஒரு காலத்தில் கப்பலேறி லண்டன் போயிற்று. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலை வைத்து 'இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு' என்று துப்பறிவார் ஹோம்ஸ். இதை ஒரு தடவை நான் எடுத்துச் சொன்னபோது, "அது நாட்டுச் சரக்கு" என்று ஒரே வார்த்தையில் ஊரையும் ஹோம்ஸையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்.

இணைய விற்பனை நியூ ஜெர்ஸி நேரப்படி சாயங்காலம் ஆறு மணிக்கு என்றால் இங்கே விடியற்காலை மூன்றரை. குளிர்காலமாக இருந்தால் நாலரை. அந்த நேரத்தில் ஒரு காபியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நியூ ஜெர்ஸியில் இருக்கும் மருமான் கம்ப்யூட்டர் முன்னால், மாமா போன் முனையில். "ரெஃப்ரெஷ் பண்ணு, ரெஃப்ரெஷ் பண்ணு" என்று அவர் போடுகிற சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டால் ஸ்வாமி நாமம் மாதிரியே இருக்கும். சரக்குக் கூடைக்குள் விழுந்து, பணம் கட்டப் போகும்போது 'தீர்ந்துவிட்டது' என்று வந்துவிட்டால் அன்றைக்கு மாமி சமையலில் உப்பு சரியாக இருக்காது.

ஆனால் வாங்குவது பாதி வேலைதான். வாங்கினது மாட்டுங்கா வந்து சேர வேண்டுமே. தபாலில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "கஸ்டம்ஸில் மாட்டினால் டப்பாவைவிட வரி பெரிசு" என்பார். அங்கேதான் நம் பிள்ளைகள் வருகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரி கட்டாமல் 100 சிகரெட், அல்லது 25 சுருட்டு, அல்லது 125 கிராம் புகையிலை கொண்டுவரலாம். மாமாவுக்கு இது காயத்ரி. அமெரிக்க டப்பா ஒன்று இரண்டு அவுன்ஸ், சுமார் 57 கிராம். இரண்டு டப்பா 114 கிராம். மிச்சம் 11. அந்தப் பதினொரு கிராம் அவரைத் தூங்கவிடுவதில்லை. "ஒரு ஆளுக்குப் பதினொண்ணு வீணாப் போறது சார். குடும்பத்தோட நாலு பேர் வந்தா நாப்பத்திநாலு!" என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டே போவார். நாலு பேர் சலுகையையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னால், கூடாது என்று விதியை ஒப்பிப்பார். கைக்குழந்தை கணக்கில் வருமா என்பதையும் பார்த்துவிட்டார். வராது. கைக்குழந்தைக்கு உபயோகித்த சொந்தச் சாமான் மட்டும்தான் சலுகை. ஒரு தொட்டில் விழாவில் குழந்தையைப் பார்த்து அவர் விட்ட பெருமூச்சுக்கு அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முன்பெல்லாம் 250 கிராம். ஆளுக்கு நாலு டப்பா. 2014 ஜூலை பட்ஜெட்டில் அதைப் பாதியாக வெட்டினார்கள். அதே பட்ஜெட்டில் மற்றச் சாமான்களுக்கான சலுகை 35,000 ரூபாயிலிருந்து 45,000 ஆனது என்று பில்டிங்கே சந்தோஷப்பட்டது. இவர் மட்டும் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

ஆள் சேர்ப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். யார் வந்தாலும் முதலில் வயது கேட்பார். வரன் பார்ப்பதற்காகக் கேட்கிறார் என்று நினைத்தால் நம் தப்பு. 2019 டிசம்பரிலிருந்து அமெரிக்காவில் 21 வயது ஆகாதவர்களுக்குப் புகையிலை விற்கக்கூடாது. படிக்கப் போன பெண்ணுக்கு இருபது வயதென்றால் "நன்னாப் படிக்கட்டும்" என்று ஆசீர்வாதம் செய்து விட்டுவிடுவார். இருபத்தொன்று முடிந்திருந்தால் வாழைப்பழம், பூ, அட்ரஸ் எழுதின காகிதத்துடன் வீட்டுக்கே வருவார். எந்தப் பெட்டியில் வைக்க வேண்டும், எதன் நடுவில் வைக்க வேண்டும் (துண்டுகளுக்கு நடுவில்), எதோடு வைக்கக்கூடாது (ஊறுகாய், சென்ட்) எல்லாம் அதில் இருக்கும். புதிதாகக் கல்யாணமாகி முதல் தடவை வந்த ஒரு மாட்டுப்பெண்ணின் பெட்டியைச் சம்பந்தி வீட்டார் எதிரில் திறந்தார்கள். மேலாக இருந்த புடவையை எடுத்ததும் அடியில் புகையிலை டப்பா இரண்டு. அந்த மாமியார் முகத்தை நான் பார்த்தேன். மாமாவைக் கூப்பிட்டு விளக்கம் சொல்ல வைத்தார்கள். அவர் விளக்கம் சொல்லவில்லை. மூடி நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தார்.

வந்த டப்பாவைத் திறப்பாரா? மாட்டார். "வயசாகட்டும், வயசானாத்தான் ருசி" என்று கோத்ரேஜ் பீரோவில் அடுக்கிவிடுவார். அவருக்கே எழுபத்தெட்டு. கலவையின் பெயரைக்கூட மறந்துவிடுவார், கொண்டுவந்தவரை மறக்கமாட்டார். ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் 'பி விங், மூணாம் மாடி மாட்டுப்பெண், 2019' என்று ஒட்டியிருக்கும். இதற்கென்று தனி ரெஜிஸ்டர் வேறு. பர்சேஸில் முப்பது வருஷம் இருந்த கை அல்லவா.

திறந்த டப்பா என்று நான் பார்த்தது ஒன்றே ஒன்று, மூடிப்போன மெக்லெலண்டுடையது. தாராவியிலிருந்து வரும் இஸ்திரிக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; அவர் அம்மா ஊரில் பீடி சுற்றினவர். மாமா பெருமையாக அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "தக்காளி சாஸ் கொட்டிட்டு போல சார். பொயலயில இந்த வாட வரக்கூடாதே" என்றார். மாமா ஆனந்தத்தில் அவர் தோளைத் தட்டினார். அந்தக் கம்பெனியின் வர்ஜீனியா சரக்குக்கு அடையாளமே அந்த சாஸ் வாசனைதான் என்று பைப் பிடிக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்களாம். இஸ்திரிக்காரர் என்ன நினைத்தாரோ, அன்றிலிருந்து மாமாவின் சட்டையைக் கொஞ்சம் பயபக்தியோடு மடிக்கிறார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிப்பு வராத விஷயமும் ஒன்று உண்டு. போன தடவை என் பெண்ணுக்கு ஏர்போர்ட்டில் பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிட்டது. 'வெயிட்டே இருக்காது' என்று சொன்னவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று டப்பாக்களைத் தொடாமல், தன் அம்மாவுக்கு வாங்கியிருந்த முழங்கால் உறையையும் வெந்நீர்ப் பையையும் எடுத்துத் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். என் மனைவி மாடிப்படியில் பக்கவாட்டாக ஏறுகிறாள். இவருடைய இரண்டு டப்பா பத்திரமாகப் பீரோவுக்குப் போய்ச் சேர்ந்தது. முடியாது என்று சொல்ல முடியாத இடம் பார்த்துக் கேட்பதற்குப் பேர் உதவி கேட்பது இல்லை. டாலர் கணக்குக்கூடப் பைசா சுத்தமாகத் தருகிறார், அன்றைய ரேட்டில். இடத்துக்கு யார் ரேட் போடுவது? பெண் இருபது மணி நேரம் பறந்து, கண் சிவந்து வெளியே வருகிறாள். அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "குளிர் ஏறலையே, உள்ளே?" அவளைக் கேட்கவில்லை.

ஆனால் அந்தக் கேள்வியை அவர் எங்கே நின்று கேட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சஹார் டெர்மினல் இரண்டில், ராத்திரி இரண்டு மணிக்கு, கம்பி ஓரமாக. தூங்கிப்போன அப்பாக்கள், இடுப்பு வலிக்கிற அம்மாக்கள், கார் ஓட்டத் தெரியாத வீடுகள் எல்லோருக்கும் பதிலாக இவர்தான் போய் நிற்கிறார். பெட்டியைத் தள்ளுவார். "சாப்டியா?" என்று கேட்டு, பையிலிருந்து தயிர் சாதப் பொட்டலத்தை எடுப்பார். எங்கள் பில்டிங்கில் ஒரு பிள்ளையும் ராத்திரி நேரத்தில் தனியாக டாக்ஸி பிடித்து வந்ததில்லை. டப்பாவுக்காகத்தான் போகிறார், அதில் சந்தேகமில்லை. மழைக்காலத்தில் சயான் சர்க்கிள் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி வண்டியைத் தள்ளின அன்றைக்கு, அழைத்து வந்த பையன் டப்பா கொண்டுவரவில்லை, மறந்துவிட்டான். திரும்பி வரும் வழி முழுக்க மாமா அவனைத் திட்டிக்கொண்டே வந்தாராம், தயிர் சாதத்தைக் கொடுத்துவிட்டு.

இப்போது ஒரு சிக்கல். ரெஜிஸ்டரையும் பீரோவையும் ஒத்துப் பார்த்ததில் ஒரு டப்பா குறைகிறது. அடியில் என் பெண் பெயர் ஒட்டியது. அவள் இரண்டும் கொடுத்தாள். மாமாவே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். ஆனால் ஏர்போர்ட்டிலேயே யாரோ ஒரு டப்பாவை மாற்றி, உள்ளே ஒன்றுமில்லாததை வைத்துவிட்டார்கள், அதனால்தான் தடயமே இல்லாமல் போயிற்று என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறார். சுங்க இலாகாவுக்கு நாலு பக்கத்தில் மனு தயார். அதில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

டப்பா எங்கே போயிற்று என்பது மாமி சொல்லி என் மனைவிக்கு, அவள் சொல்லி எனக்கு. மொட்டை மாடியில் மாமி வைத்திருக்கும் செம்பருத்தியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் கேட்கவில்லை. புகையிலையை ஊறவைத்து, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து தெளித்தால் போய்விடும் என்று கும்பகோணத்தில் அவள் அம்மா செய்வாளாம். புகையிலைக்காகக் கடைக்குப் போவானேன், வீட்டில் பீரோ நிறைய இருக்கும்போது? உலகத்தில் இனி வராத அந்தக் கலவை ஒரு ராத்திரி பக்கெட்டில் ஊறி, மறுநாள் செம்பருத்திக்குப் போயிற்று. டப்பாவில் இப்போது பெருங்காயம். ஒரு பூச்சி இல்லை, பூவெல்லாம் கையளவு.

மனுவில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. எங்கள் தொட்டியிலும் மாவுப்பூச்சி வந்திருக்கிறது. மாமி ஒரு சொம்பு தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.