இடைத்தரகர் நலம் காத்த இணையதளங்களுக்கு ஒரு நன்றி மனு

அனுப்புநர்: இணையவழி விண்ணப்பதாரர்கள், ஒப்புகை எண் கிடைக்கப்பெறாதோர்.

பெறுநர்: விண்ணப்பத் தளங்களை வடிவமைத்து நடத்திவரும் மாண்புமிகு துறைகளின் மென்பொருள் பிரிவு.

பொருள்: இடைத்தரகர் தொழிலை அழியாமல் காத்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: "தவறான உள்ளீடு" எனத் திரையில் தோன்றி மறைந்த செய்தி, நாளிடப்படாதது.

ஐயா / அம்மையீர்,

மக்களுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நின்று பிழைத்துவந்த இடைத்தரகர் இனம், விண்ணப்பங்கள் இணையத்துக்கு மாறியதும் அற்றுப்போகும் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கி, அலுவலக வாசலில் மரத்தடியில் அமர்ந்திருந்தவரைப் பிரவுசிங் சென்டரில் மின்விசிறியின் கீழ் குடியமர்த்திய பெருமை தங்கள் தளங்களின் பயனர் இடைமுகத்தையே சாரும். பயனர் இடைமுகம் என்பது ஒரு கருவியை இயக்குபவர் கண்ணால் காண்பதும் கையால் தொடுவதுமான பகுதி. பின்னால் எத்தனை சர்வர்கள் உழைத்தாலும், விண்ணப்பதாரரைப் பொறுத்தவரை அந்தத் திரைதான் துறை, அந்தத் திரைதான் அரசு.

ஓர் இடைமுகம் எவ்வளவு எளிதாகக் கையாளத்தக்கது என்பதைக் குறிக்கும் பயன்படுதன்மைக்கு, 1998-இல் வெளியான ஐஎஸ்ஓ 9241-11 என்னும் அனைத்துலகத் தரம் மூன்று அளவுகோல்களை வைக்கிறது: வந்த காரியம் முடிந்ததா, அதற்குச் செலவான நேரமும் உழைப்பும் எவ்வளவு, பயனர் மனநிறைவோடு எழுந்தாரா. பயனர் யார், வேலை எது, சூழல் என்ன என்பவற்றை வரையறுத்த பிறகே இம்மூன்றையும் அளக்க முடியும் என்பதும் அத்தரத்தின் நிலைப்பாடு. தங்கள் தளங்கள் இதனை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகின்றன: பயனர், தளத்தைக் கட்டிய பொறியாளர்; வேலை, மேலதிகாரிக்குச் செய்துகாட்டுதல்; சூழல், தலைமை அலுவலகத்தின் அகன்ற திரையும் அறுபடாத இணைப்பும். அந்தச் சூழலில் தளம் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை.

புகைப்படம் பதிவேற்றும் பகுதி தனித்துப் பாராட்டத்தக்கது. இன்றைய செல்பேசி எடுக்கும் படம் சாதாரணமாகவே சில எம்பி இருக்கும். போட்டித் தேர்வுப் படிவங்கள் பலவோ 20 கேபிக்குக் குறையாமலும் 50 கேபிக்கு மிகாமலும் படத்தைக் கேட்கின்றன. வந்த படத்தை வாங்கித் தானே சுருக்கிக்கொள்வது கணினிக்கு நொடிப்பொழுது வேலைதான் என்றாலும், அதனை எந்திரத்தின் தலையில் கட்டாமல், கேபி என்றால் என்னவென்று அறியும் தேவையே அதுவரை நேராத விண்ணப்பதாரரின் பொறுப்பில் விட்டிருப்பது எந்திரங்கள்பால் தங்களுக்குள்ள கருணையைக் காட்டுகிறது. 52 கேபி படத்தைக் கொடுத்தவருக்கு, படத்தோடு சேர்த்து அதற்கு முன் நிரப்பிய முகவரி, கல்வித் தகுதி, மதிப்பெண் அனைத்தும் துடைத்தெடுக்கப்பட்டு, படிவத்தை முதலிலிருந்து நிரப்பும் நல்வாய்ப்பும் அளிக்கப்படுகிறது.

பெயர்க் கட்டங்கள் அதனினும் நுட்பமானவை. தந்தை பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்ளும் வழக்கமுள்ள தமிழரிடம், முதற்பெயர், குடும்பப்பெயர் என்னும் இரு கட்டங்களும் நட்சத்திரக் குறியிட்டு நீட்டப்படுகின்றன. க. முருகேசன் என்பவர் இரண்டாம் கட்டத்தை வெறுமையாக விட்டால் படிவம் நகராது. 'க' என்று மட்டும் இட்டால் எழுத்து போதாது. புள்ளி சேர்த்தால் சிறப்புக் குறிகளுக்கு அனுமதியில்லை. வேறு வழியின்றி அவர் முருகேசன் முருகேசன் ஆகி நுழைந்துவிட்டால், சான்றிதழ் சரிபார்ப்பின்போது, ஆதாரில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று அதே துறை அவரைத் திருப்பி அனுப்புகிறது. பிரிட்டன் அரசின் வடிவமைப்பு வழிகாட்டி, இயன்றவரை முழுப்பெயருக்கு ஒரே கட்டம் போதும் என்கிறது; ஒரே கட்டத்தில் இத்தனை திருப்பங்களுக்கு இடமேது?

வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன் 1988-இல் அன்றாடப் பொருள்களின் உளவியல் பற்றி எழுதிய நூலில் இரண்டு இடைவெளிகளை விளக்குகிறார். பயனர் செய்ய விரும்புவதற்கும் கருவி செய்யவிடுவதற்கும் நடுவே உள்ளது செயல் இடைவெளி; உள்ளே நடந்ததற்கும் நடந்தது என்னவென்று பயனருக்குப் புரிவதற்கும் நடுவே உள்ளது மதிப்பீட்டு இடைவெளி. முன்னதைப் பெயர்க் கட்டங்கள் பேணுகின்றன. பின்னதைக் கட்டணப் பக்கம் பேணுகிறது. பேக் பட்டனை அழுத்த வேண்டாம், ரிஃப்ரெஷ் செய்ய வேண்டாம் என்ற கட்டளையின் கீழ் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருக்க, வங்கிக் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துசேர, தளமோ ஒன்றும் அறியாததுபோல் முகப்புப் பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. பணம் போனது தெரியும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும் தெரியாது.

கருவி தன் நிலையை உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும், பிழைச்செய்தி சாதாரண மொழியில் சிக்கலையும் தீர்வையும் சொல்ல வேண்டும் என்பவை பயன்படுதன்மை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1994-இல் தொகுத்த பத்து விதிகளில் அடங்குவன. எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று சொல்லாமல் "தவறான உள்ளீடு" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் தங்கள் தளம், மிச்சத்தை விண்ணப்பதாரரின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறது. பக்கத்தில் இருக்க அனுமதித்த நேரம் முடியுமுன் எச்சரித்து, அதனை எளிதாக நீட்டித்துக்கொள்ள 20 நொடியேனும் தர வேண்டும் என்பது உலகளாவிய வலையக அணுகுதன்மை நெறிகள் காட்டும் வழி. தங்கள் தளம் எச்சரிப்பதில்லை, நேரே வெளியேற்றிவிடுகிறது. இத்தனைக்குப் பிறகும் புகார்கள் வருவதில்லை என்று தாங்கள் பெருமை கொள்ளலாம். மோசமான வடிவமைப்பால் தடுமாறும் மக்கள் பழியைத் தம்மீதே போட்டுக்கொள்வார்கள் என்று நார்மன் குறிப்பிட்டது அதற்கு விளக்கம். "நமக்குக் கம்ப்யூட்டர் வராது" என்று சொல்லி எழுந்து போகிறவர் புகார் எழுதுவதில்லை. எழுத முனைந்தாலும் புகார்ப் படிவத்திலும் குடும்பப்பெயர் கட்டாயம்.

அவர் போய்ச் சேருமிடம் பிரவுசிங் சென்டர்; அவருக்கான கடவுச்சொல்லும் அங்கேயே உருவாகிறது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட நெறிகள், பெரிய எழுத்து, எண், குறியீடு ஆகியவற்றைக் கலக்கச் சொல்லி வற்புறுத்துவதையும், காரணமின்றிக் கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றச் சொல்வதையும் கைவிடப் பரிந்துரைத்தன. இரண்டையும் விடாப்பிடியாகக் கேட்கும் தங்கள் தளத்தின் கடவுச்சொற்கள் இன்று சென்டர்க்காரரின் நோட்டுப் புத்தகத்தில் ஊர்வாரியாகப் பத்திரமாக உள்ளன. ஓடிபி தாமதமில்லாமல் வரட்டும் என்று அவர் தம் செல்பேசி எண்ணையே கொடுத்துவிடுவதால், பிற்பாடு நேர்காணலுக்கான அழைப்பும் அவருக்கே போகிறது. பாதுகாப்புக்காக எழுப்பிய மதில், சாவிக்கொத்தை முன்பின் தெரியாதவர் இடுப்பில் செருகியிருக்கிறது.

இந்நிலை மாறாதிருக்க ஒன்றே ஒன்றைத் தவிர்க்குமாறு பணிவுடன் கோரப்படுகிறது. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே ஓர் இடைமுகத்தின் பயன்படுதன்மைச் சிக்கல்களில் ஏறக்குறைய 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000-இல் கணித்தெழுதினார். விண்ணப்பிக்க வரக்கூடிய ஐவரை அழைத்து, அவரவர் செல்பேசியில் படிவத்தை நிரப்பச் சொல்லி, அருகில் அமர்ந்து, சொல்லிக்கொடுக்காமல் பார்த்திருக்கும் விபரீத முயற்சியில் துறை ஒருபோதும் இறங்கலாகாது. ஒரே பிற்பகலில் குற்றம் விண்ணப்பதாரருடையது அன்று என்பது தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் திருத்த வேண்டிவரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
முருகேசன் முருகேசன்
(மற்றும் பலர்)

நகல்: பேருந்து நிலையம் எதிரிலுள்ள பிரவுசிங் சென்டர் உரிமையாளருக்கு – இம்மனுவை 50 கேபிக்குள் சுருக்கித் தளத்தில் பதிவேற்றித் தரும் பொருட்டு.