பின் கண்ணாடிக்குப் பேபி பவுடர்

2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை அரசாங்கம் 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டது. இடையில் யாழ்ப்பாணத்துக் கார்களுக்கு வயது போகப்போக விலை ஏறியது. மனிசருக்கு அப்படி நடந்ததாகத் தெரியவில்லை. அதனால் எங்கள் மச்சான் தன் பழைய அக்சியோ காரைக் காணி உறுதிக்கு அடுத்தபடியாக மதிக்கிறார். வெயில் சீற்றைப் பொசுக்குகிறதென்று அதற்குக் கறுப்பு டின்ற் ஒட்ட ஆள் வந்தது வட்டுக்கோட்டை வீட்டுக்கே.

பக்கக் கண்ணாடிகள் தேத்தண்ணி ஆறமுதல் முடிந்தன. பின் கண்ணாடிக்கு வந்ததும் பெடியன் சேட்டுக் கையை மடித்தான். அந்தக் கண்ணாடி இடம் வலமாகவும் வளையும், மேல் கீழாகவும் வளையும். பிலிமோ தட்டை. பனம்பழத்துக்குப் பிறவுண் பேப்பரில் கொப்பி உறை போடுகிற கதை. தட்டைத் தாள் இழுபடாமல் சுருங்காமல் இப்படியான பரப்பில் படியாது என்பது ஜேர்மன் கணிதர் காவுஸ் 1827இல் நிறுவிய தேற்றத்திலிருந்து வருகிற முடிவு. அதற்கு நாலு வருடம் முந்தியே, 1823இல், அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிக் கணிதமும் வானியலும் படிப்பித்தார்கள். அதனாலோ என்னவோ, எங்கள் ஊரில் மதிலால் எட்டிப் பார்க்கிற எவருக்கும் கேத்திர கணிதத்தில் ஒரு அபிப்பிராயம் இருக்கும்.

"தம்பி, நடுவால வெட்டி ரெண்டு துண்டா ஒட்டன்" என்றார் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் ஓடியது பழைய மொரிஸ் மைனர். 1956 வரை அதற்கு முன் கண்ணாடியே இரண்டு தட்டைத் துண்டுதான். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோலைச் சூப்பிப் போத்தலால் பருக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டிய மனிசன்; அவருக்கு எதுவும் சாத்தியம்.

"கனடாவில மெசினே வெட்டிக் குடுக்கும்" என்றார் லீவில் வந்திருந்த பெரியப்பா.

"மெசின் வெட்டும் ஐயா. வளைக்கிறது நாங்கள்தான்."

அன்று பேசப்பட்டதில் உருப்படியான வசனம் இது ஒன்றே.

உள்ளே ஒட்டவேண்டிய பிலிமை அவன் முதலில் கண்ணாடியின் வெளிப்பக்கம் விரித்தான். அதற்கு முன் கண்ணாடிக்குப் பேபி பவுடர் பூசினான். மாமி பதறிப்போய், "உதென்னடா, காருக்குத் தொட்டிலும் கட்டப்போறியளோ?" என்று கேட்டா. பவுடர் இருந்தால்தான் பிலிம் ஒட்டிப் பிடிக்காமல் வழுக்கிச் சுருங்குமாம். எச் எழுத்து வடிவில் மட்டும் ஈரம் தடவி, பிலிமை அதில் நிறுத்தினான். மேலும் கீழும் சுருக்கங்கள் விரல் விரலாக எழும்பி நின்றன. ஹீற் கன்னைப் பிடித்தான். விரல்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன.

மந்திரமில்லை. தண்ணிப் போத்தல் செய்கிற அதே பொலியெஸ்ரர் வகைதான் பிலிமும். தொழிற்சாலையில் இழுத்து நீட்டிய சாமான், சூடு பட்டால் பழையபடி சுருங்கப் பார்க்கும். ஆனால் சுருள் ஓடுகிற நீளவாக்கில்தான் நன்றாகச் சுருங்கும். குறுக்கே மாட்டேன் என்று நிற்கும். திசை மாறி விரித்தால் நாள் முழுக்க ஊதினாலும் பலனில்லை. ஒரே இடத்தில் சூடு கூடினால் பிலிம் பொசுங்கும், சிலவேளை கண்ணாடியே வெடிக்கும். கைதான் அளவு. காவுஸ் முடியாதென்றதைப் பெடியன் பொய்யாக்கவில்லை, தாளையே மாற்றிவிட்டான்.

பிறகு பவுடரைத் துடைத்து, சோப்புத் தண்ணி அடித்து, பின் சீற்றில் குப்புறப் படுத்து உள்ளே ஒட்டினான். வெளியே கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலுக்கும் வாத்தியார் ஆலோசனை சொன்னார்.

உங்கள் காரில் பழைய பிலிம் ஊதா நிறமாகிப் போயிருந்தால், அதைக் கிழிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கண்ணாடியில் ஓடுகிற டிமிஸ்டர் கோடுகள் அதோடு உரிந்து வரலாம். யாழ்ப்பாணத்து வெக்கையில் அந்தச் சுவிச்சை நீங்கள் ஒருநாளும் போட்டிருக்கமாட்டீர்கள் என்றாலும், விற்கும்போது வாங்க வருகிறவர் போட்டுப் பார்ப்பார். ஒட்டிய பிறகு சில நாளைக்குப் பக்கக் கண்ணாடிகளை இறக்கவேண்டாம். பின் கண்ணாடியைப் பற்றிக் கவலை இல்லை, அது எப்படியும் இறங்காது.