நாலணா இருந்தால் உள்ளே வரலாம்

எண்பதுகளின் தொடக்கத்தில், செங்கல்பட்டில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்கு நாலணா. தியேட்டரில் இல்லை, கோடி வீட்டு மாமியின் கூடத்தில். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. ஆனால் எங்கள் தெருவுக்கு வந்தது அந்த ஒரு பெட்டிதான். மாமி காசு வாங்குவதை யாரும் குறை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ இலவசம் என்பதால் அன்றைக்கு ஜன்னல் கம்பியில்கூட இடம் கிடைக்காது.

டிவிக்கு இழுத்து மூடும் மரக்கதவு இருந்தது. மேலே மாமியே பூத்தையல் போட்ட வெள்ளைத் துணி, அதன்மேல் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பிளாஸ்டிக் ரோஜா. நிலைப்படியில் வளையல் தோரணம். உடைந்த கண்ணாடி வளையல்களைத் தெருப் பெண்களிடம் கேட்டு வாங்கி, மெழுகுவர்த்திச் சுடரில் இளக்கி வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துக் கட்டியது. யார் கை வளையல் எது என்று படம் பார்க்க வந்தவர்கள் அடையாளம் சொல்வார்கள். ஆயுத பூஜைக்குத் தையல் மெஷினோடு டிவிக்கும் சந்தனப் பொட்டு உண்டு. தெருவே வந்து உட்காரும் கூடம் அது. அதற்காகத்தான் அத்தனை அலங்காரமும்.

சுவரில் காசுப் படம் ஒன்றும் மாட்டியிருந்தது. கறுப்பு வெல்வெட் துணியில் செல்லாமல் போய்க்கொண்டிருந்த அலுமினியக் காசுகளை ஒட்டியிருந்தார். அறுகோண மூன்று பைசாவைச் சுற்றி ஆறு மூன்று பைசா வைத்தால் இடைவெளியே இல்லாமல் பூவாக அமைந்துவிடும். வளைந்து வளைந்து போகும் விளிம்புள்ள இரண்டு பைசா இதழ்கள், சதுர ஒரு பைசா மூலைகளுக்கு. நடுவில் தாமரை பொறித்த மஞ்சள் இருபது பைசா, 1968-இல் வந்தது. கணக்குப் புத்தகத்தில் புரியாத வடிவியல் எனக்கு அந்தச் சுவரில்தான் புரிந்தது.

அந்தத் தாமரைக் காசுகளை இன்று நூற்றெட்டாகக் கோத்து லட்சுமி பூஜைக்கென்று விற்கிறார்கள், முகமதிப்பைப் போலப் பல மடங்கு விலைக்கு. நாலணாவோ 2011 ஜூன் 30 முதல் செல்லாக்காசு. டிவி மெலிந்து சுவரில் ஏறிவிட்டது, பொம்மை வைக்க அதற்கு மேற்பரப்பே கிடையாது. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தபோது எங்கள் தெருவில் அநேகமாக வீட்டுக்கு ஒரு பெட்டி இருந்தது. இப்போது ஆளுக்கு ஒரு திரை. என் மகன் வீட்டுக் கூடத்தில் வல்லுநரை வைத்துப் பொய்க்கூரை, மறைவிளக்கு எல்லாம் செய்திருக்கிறார்கள், மிக அழகாக. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

படம் வீட்டுக்கே வந்தது நல்லதுதான். முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்த பாட்டிகளை நான் மறக்கவில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளை தன் கையில் இருந்த காசைத் தானே கொடுத்து, பெரியவர்கள் நடுவே உரிமையோடு உட்கார்ந்தது போய்விட்டது. அதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. இன்று சந்தாவை அப்பா போனில் கட்டுகிறார். எவ்வளவு என்றுகூடப் பிள்ளைக்குத் தெரியாது.

அதனால் பேத்திக்கு நான் கொடுப்பதெல்லாம் நாணயங்கள்தான். ஐந்து ரூபாய், பத்து ரூபாய். தெருமுனைக் கடைக்கு அவளே போகிறாள், எண்ணிக் கொடுக்கிறாள், கடலைமிட்டாய் வாங்குகிறாள். பத்து ரூபாய் நாணயத்தை முதலில் வாங்க மறுத்த கடைக்காரர், இப்போது அவளைக் கண்டால், “பாப்பா, சில்லறை இருக்கா?” என்று அவரே கேட்கிறார்.