நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க

வயதானவர்களைப் பேட்டரி காரில் உட்கார வைத்து ஊர் காட்டுவது எப்படி என்று நாலு நல்ல யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வண்டலூர் போய் வந்த இடுப்பு வலி இன்னும் இருக்கிறது. எரிச்சலும் இருக்கிறது. முதலில் எரிச்சலை இறக்கி வைத்துவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை. மற்ற ஆறு நாளில் எந்த நாள் என்று வீட்டில் மாநாடு கூடி, கடைசியில் ஊரே போகும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். பூங்கா 602 ஹெக்டேர். மாமனாருக்கு இரண்டு முழங்காலும் தகராறு. பெரியம்மாவுக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது, எடுத்து வைக்கத்தான் மனசு வராது. சக்கர நாற்காலி என்று வாயெடுத்தேன். “நான் என்ன ஆஸ்பத்திரிக்கா வந்திருக்கேன்?” என்றார் மாமனார். பேட்டரி கார் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. பேரிலேயே கார் இருக்கிறதே.

இந்த வண்டிகளில் கடைசி வரிசை பின்பக்கம் பார்த்து இருக்கும். “இங்கதான் காத்து வரும்” என்று மாமனார் அதில் போய் உட்கார்ந்துகொண்டார். ஓட்டுநர் “வலது பக்கம் பாருங்க, காட்டுமாடு” என்பார். மாமனார் ஒழுங்காகத் தன் வலது பக்கம் திரும்பிப் பார்ப்பார். அங்கே வேலி இருக்கும். “இடது பக்கம் நீர்யானை” என்றால் அவருடைய இடது பக்கத்தில் குப்பைத் தொட்டி. சுற்று முடிகிறவரை, “பேருதான் பெரிசு, ஒண்ணையும் காணோமே” என்று வந்தார். நான் விளக்கவில்லை. மாமனாருக்கு வலது எது, இடது எது என்று சொல்லித் தருகிற மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

வெள்ளைப் புலிக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. “அஞ்சு நிமிஷம், இறங்கிப் பார்த்துட்டு வாங்க” என்றார் ஓட்டுநர். பெரியம்மா காலடியில் இருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

“நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்.”

எத்தனை ஊரில் கேட்ட வாக்கியம்! மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்கு வெளியே இளநீர் வண்டி நிழலில் கேட்டிருக்கிறேன். ஊட்டி தாவரவியல் பூங்காவில், வாசலைத் தாண்டிய முதல் பெஞ்சில். கன்னியாகுமரிக்குச் சென்னையிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் வந்து, படகுத்துறையில் நின்று, “விவேகானந்தர் பாறை இங்கேருந்தே நல்லாத் தெரியுதே” என்று ஆரம்பித்தபோது கேட்டிருக்கிறேன். தாஜ்மகாலில்கூட. அங்கே 500 மீட்டருக்கு முன்பே பெட்ரோல் வண்டியை நிறுத்திவிடுவார்கள். பேட்டரி வண்டியில் ஏற்றி, இறக்கி, கைத்தாங்கலாகப் பளிங்கு மேடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தால், “செருப்பை நான் பார்த்துக்கறேன்.” செருப்புக்கு மேலேயே போட்டுக்கொள்ள உறை கொடுக்கிறார்கள் பெரியம்மா, யாரும் கழற்ற வேண்டாம். “பரவாயில்ல, நான் பார்த்துக்கறேன்.”

காரணம் கேட்டால் முதலில் முழங்கால், அப்புறம் வெயில், அப்புறம் பை. மூன்றையும் சமாளித்துவிட்டால் பிரம்மாஸ்திரம் வரும்: “நாங்கல்லாம் அப்பவே பார்த்தாச்சு.” மூர் மார்க்கெட் பக்கத்தில் பூங்கா இருந்த காலத்தைச் சொல்கிறாள். அவளுக்கு அது உயிர் காலேஜ், எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். செத்த காலேஜில்தான் 1855-ல் பால்ஃபர் துரை இந்த உயிர் காலேஜையே ஆரம்பித்து வைத்தார் என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப நீ அங்கேயே கூட்டிட்டுப் போயிருக்கலாமே, பக்கம்” என்றாள். 1985-ல் வண்டலூருக்கு வந்த பிறகு பிறந்த புலிகளைப் பெரியம்மா கணக்கில் சேர்ப்பதில்லை. புலின்னா அதே கோடுதானே.

உட்கார்ந்திருக்கிறேன் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைத்துவிட வேண்டாம். அது அதிகாரம். குழந்தைக்குத் தொப்பி போடு, ஓரமா நில்லு, தண்ணி குடிச்சியா என்று வண்டியிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருக்கும். திரும்பி வந்ததும், “என்ன இருந்துச்சு?” என்று விசாரணை. போட்டோவைக் காட்டினால் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “டிவில இதைவிடப் பெரிசாக் காட்டுவான்.”

அன்று புலி பாறைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு காது தெரிந்தது, அதுவும் முன்னால் நின்றவருடைய செல்போன் நகர்ந்தபோது. அந்தக் காதையும் நான் முழுசாகப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பிவிடுமோ, மாமனார் தானாக இறங்கிவிடுவாரோ என்று பாதிக் கண் பின்னாலேயே இருந்தது. நாங்கள் ஏறிய வண்டிகளிலெல்லாம் படி முழங்கால் உயரத்தில்தான் இருந்தது. படி செய்கிறவர்கள் வீட்டில் எழுபது வயதில் யாரும் கிடையாதா? ஏற்ற ஒரு ஆள், இறக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு ஆளும் நான்தான். குழந்தைகளோடு போனால் குழந்தைகளுக்குக் காட்டுகிறோம், பெரியவர்களோடு போனால் பெரியவர்களுக்குக் காட்டுகிறோம். நான் எப்போதுதான் பார்ப்பது?

நாங்கள் திரும்பியபோது பெரியம்மா பக்கத்து வண்டிக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவும் “போய்ப் பார்த்துட்டு வாங்க” சங்கத்து உறுப்பினர்தான். அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் வீட்டுக்காரருடைய பைபாஸ், மகளுடைய டிரான்ஸ்பர், பம்மலில் வாங்கிய ஃபிளாட் எல்லாம் முடிந்து, என் தங்கைக்கு ஒரு வரன் நம்பரும் கைமாறியிருந்தது.

ராத்திரி பெரியம்மா மதுரைக்குப் போன் போட்டு என் சித்தியிடம் வெள்ளைப் புலியை வர்ணித்தாள். மீசை, நடை, பார்வை எல்லாம் வந்தது. பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கே புலியைப் பார்த்துவிட்ட திருப்தி உண்டாயிற்று. கடைசியில்தான் குரலைத் தாழ்த்தினாள்.

“ஆனா ஒண்ணுடி, எதையும் நின்னு நிதானமாப் பார்க்க விடல இவன். அவசரம் அவசரமா இழுத்துட்டு வந்துட்டான்.”

அதனால் என்ன, இன்னொரு தடவை கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை.