சக்கைப் போடு போட்ட பெயர்

கே: ஏலகிரி சாலையோரத்தில் பலாச்சுளை வாங்கித் தின்றோம். 'ஜாக் ஃப்ரூட்டைக் கண்டுபிடிச்ச ஜாக் யாருப்பா?' என்கிறாள் மகள். என்ன சொல்ல?
– ஒரு வாசகர், ஆம்பூர்

ப: அவர் வெள்ளைக்காரத் துரை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லுங்கள்! மலையாளத்தில் பலா 'சக்க'. நம் குமரி மாவட்டத்திலும் 'சக்கை'. மிளகு தேடி வந்த போர்ச்சுகீசியர் வாயில் அது 'ஜாக்கா' ஆயிற்று. 1563-இல் கோவாவில் அச்சான, போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்தாவின் மருந்து நூலிலேயே அந்தப் பெயர் உண்டு. ஆங்கிலேயர் வாலை நறுக்கி 'ஜாக்' ஆக்கினார்கள். பிரேசிலில் இன்றும் 'ஜாக்கா'தான். தெலுங்கின் 'பனஸ', மராத்தியின் 'ஃபணஸ்' இரண்டும் வேறு குடும்பம்; சமஸ்கிருதச் சொந்தம்.

குமரிக்கு வெளியே நமக்கோ சுளையை எடுத்தபின் தூக்கிப் போடுவதுதான் சக்கை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய்ச் சுளையை நீங்கள் தின்றீர்கள்; கப்பலேறிப் போனது சக்கை!

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிரித்தால் பிசின் ஒட்டாது. பெயர் மட்டும் நானூறு ஆண்டுக்கு மேலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த எண்ணெய்க்கும் போகாது.